எந்த இடம் வரை டோன் வருகிறது?

ஒரே வீட்டுக்குள் கணினியும் பிரிண்டரும் ஒன்றையொன்று ஏன் காண மறுக்கின்றன? பெங்களூரு வைட்ஃபீல்டின் அடுக்ககம் ஒன்றிலிருந்து ஒரு நேரடி அனுபவம்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதே முக்கால். மகளின் அறிவியல் புராஜெக்ட் மறுநாள் காலை எட்டு மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டும். பன்னிரண்டு பக்கம். ஹாலில் உட்கார்ந்தபடி பிரிண்ட் கொடுத்தாள். உள்ளறையில் இருக்கும் பிரிண்டர் அசையவே இல்லை. லேப்டாப் திரையில் பிரிண்டர் பெயருக்குக் கீழே ‘ஆஃப்லைன்’ என்று வந்து நின்றது.

“அப்பா, போன மாசம் நல்லாத்தானே வந்துச்சு?”

பிரிண்டரை அணைத்துப் போட்டேன். டிரைவரை நீக்கிவிட்டு மறுபடியும் ஏற்றினேன். வீடியோ ஒன்றில் சொன்னபடி விண்டோஸின் ஃபயர்வாலையும் அணைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போனதுதான் மிச்சம். ஊருக்குப் போயிருந்த என் மனைவி பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தார். கோப்பைத் தன் லேப்டாப்புக்கு வாங்கி, உள்ளறையில் இருந்தபடியே கொடுத்தார். பன்னிரண்டு பக்கமும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன.

அதாவது பிரிண்டரில் கோளாறு இல்லை. மகளின் லேப்டாப்பிலும் இல்லை. அதில் இன்டர்நெட் தடையில்லாமல் ஓடியது. பழுது இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தது. அந்த ‘எங்கோ’வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் தளத்தில் எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். சேலத்துக்காரர். தொலைபேசித் துறையில் லைன் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்று, மகன் வீட்டில் தங்கியிருக்கிறார். கணினி அவருக்குப் பழக்கமில்லை. காலையில் லிஃப்டுக்காக நின்றபோது நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, ஃபோன் வேலை செய்யலைன்னா நாங்க முதல்ல ஃபோனைப் பிரிக்க மாட்டோம். எக்ஸ்சேஞ்ச்ல டோன் இருக்கா, பில்லர்ல இருக்கா, டிபி பெட்டியில இருக்கா, வீட்டுக்குள்ள வர்ற வயர்ல இருக்கானு பாத்துக்கிட்டே வருவோம். எந்த இடம் வரைக்கும் டோன் வருதோ, அதுக்கு அடுத்த முழத்துலதான் பழுது. உங்க ரெண்டு பொட்டியும் ஒரே எக்ஸ்சேஞ்சுல இருக்கானு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றவில்லை.

ஒரே வீட்டில் இரண்டு எக்ஸ்சேஞ்ச்

வைட்ஃபீல்டின் புது அடுக்ககங்கள் பலவற்றில் செங்கல் சுவர் கிடையாது. அலுமினிய அச்சுகளை நிறுத்தி, சுவரையும் தளத்தையும் சேர்த்தே காங்கிரீட்டில் வார்க்கிறார்கள். மிவான் முறை என்பார்கள். கட்டடம் சீக்கிரம் எழும்பிவிடும். ஆனால் உள்ளே கம்பி கட்டிய காங்கிரீட் சுவரை வைஃபை எளிதில் ஊடுருவாது. ஃபைபர் கேபிள் வாசலருகே வந்து முடியும். இணைய நிறுவனம் தரும் பெட்டியை அங்கேயே மாட்டிவிட்டுப் போவார்கள். கடைசி அறைக்குச் சிக்னல் எட்டாது. உடனே நாம் என்ன செய்கிறோம்? கடைக்குப் போய் இன்னொரு ரூட்டர் வாங்கி, சுவருக்குள் போட்டிருக்கும் குழாய் வழியாகக் கேபிளை இழுத்து, உள்ளறையில் வைக்கிறோம். நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

நிறுவனம் தந்த பெட்டியும் ஒரு ரூட்டர்தான். ரூட்டரின் வேலை, தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துத் தனி ஊராக வைத்துக்கொள்வது. 192.168 என்று தொடங்கும் இந்த எண்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். வெளி இன்டர்நெட்டுக்கு இவை தெரியாது. இரண்டாவது ரூட்டரை அப்படியே செருகினால், அது முதல் ஊருக்குள் இன்னொரு ஊரை மதில் கட்டி எழுப்பிவிடுகிறது.

மகளின் லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று தட்டினேன். எண் 192.168.1.14. பிரிண்டரின் சிறு திரையில் பார்த்தேன். 192.168.0.103. முதல் மூன்று பகுதிகளில் கடைசிப் பகுதி வேறு: ஒன்றில் 1, மற்றதில் 0. அந்த ஒற்றை இலக்கம்தான் ஞாயிறு இரவை விழுங்கியது.

போன மாதம் எப்படி வந்தது என்பதும் விளங்கியது. அப்போது அவள் உள்ளறையில் படித்தாள். தேர்வு நெருங்கியதும் மேசையை ஹாலுக்கு மாற்றினோம். இரண்டு வைஃபையின் கடவுச்சொல்லும் லேப்டாப்புக்குத் தெரியும். ஹாலில் வாசல் பெட்டியின் சிக்னல் வலுவாக இருந்ததால் தானாக அதைப் பிடித்துக்கொண்டது. இன்டர்நெட் இரண்டிலும் வருவதால் ஊர் மாறியது யாருக்கும் தெரியவில்லை.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. உள் ஊரில் இருப்பவர் எண்ணைச் சொல்லி வெளி ஊரில் இருப்பவரை அழைக்கலாம். இன்டர்நெட்டுக்குப் போகும் அதே வாசல் வழியாக அந்த அழைப்பும் போய்விடும். வெளி ஊரில் இருப்பவர் உள்ளே இருப்பவரை அழைக்க முடியாது. ‘என் லேப்டாப்பில் வருகிறது, உன் லேப்டாப்பில் வரவில்லை’ என்று வீட்டுக்கு வீடு நடக்கும் வாக்குவாதத்தில் பெரும்பங்கு இந்த ஒருவழிப் பாதையால் வருவது.

தீர்வு பத்து நிமிட வேலை. உள்ளறை ரூட்டரின் அமைப்புக்குள் போய் அதை ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற நிலைக்கு மாற்றினால் போதும். அதன்பின் அது எண் கொடுக்காது. வாசல் பெட்டி கொடுக்கும் எண்களையே உள்ளறைக்கும் கடத்தும். மதில் போய்விடும், ஒரே ஊர்.

ஒரே ஊர் ஆன பிறகும் சில இடங்களில் பேச்சு நடக்காது. விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் டிவியையும் பிரிண்டரையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் உண்டு. கெஸ்ட் வைஃபை என்பதே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கக் கூடாது என்பதற்காகச் செய்தது. வீட்டுப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் அறிந்தவை. புது ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் ஓடவிட்டால் அவற்றின் கண்ணுக்கு வைஃபையே தெரியாது. கருவியின் எண் 169.254 என்று தொடங்கினால், அது ரூட்டரிடம் எண் கேட்டுக் கிடைக்காமல் தனக்குத் தானே ஒன்று வைத்துக்கொண்டது என்று பொருள். டோன் அங்கேயே இல்லை. மேலே எதையும் நோண்ட வேண்டாம்.

கரண்ட் போய் வந்த பிறகு

வைட்ஃபீல்ட் ஒரு விசித்திரமான ஊர். 1882இல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் 3,900 ஏக்கர் நிலம் கொடுத்து, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் விவசாயம் செய்து வாழ உருவான குடியிருப்பு. டி. எஸ். வைட் என்பவர் பெயரால் வைட்ஃபீல்ட் ஆனது. நூறாண்டு அமைதியாகக் கிடந்த ஊர், 1990களில் டெக் பார்க் வந்ததும் தலைகீழாக மாறியது. 2023 மார்ச்சில் மெட்ரோ வந்தது. உலகத்து நிறுவனங்களின் நெட்வொர்க்குகளைக் கட்டிக் காக்கும் பொறியாளர்கள் இங்கே தளத்துக்குத் தளம் இருக்கிறார்கள். ஆனாலும் கரண்ட் போகிறது.

போனால் ஜெனரேட்டர் ஓடும். நடுவில் சில நொடி இருட்டு. அந்தச் சில நொடியில் ரூட்டர் அணைந்து எழும்; பிரிண்டரும் எழும். முன்பு கொடுத்த எண்ணை ரூட்டர் மறந்திருந்தால் பிரிண்டருக்குப் புது எண் கிடைக்கும். கணினியோ பழைய எண்ணுக்கே தாளை அனுப்பிக்கொண்டிருக்கும். வீடு மாறியவருக்குப் பழைய முகவரியில் போடும் கடிதம் மாதிரி. ‘ஆஃப்லைன்’ என்று வரும்போது பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறவர்கள் தயவுசெய்து முதலில் இந்த எண்ணைப் பாருங்கள். ரூட்டரில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற பகுதி இருக்கும். இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இந்த எண்தான் என்று அங்கே எழுதி வைத்துவிட்டு, கணினியில் பிரிண்டரைச் சேர்க்கும்போது பட்டியலில் தெரியும் பெயரைச் சொடுக்காமல் அந்த எண்ணையே கொடுத்துச் சேருங்கள். ரூட்டருக்கென்று விற்கும் சிறு யுபிஎஸ் ஒன்றையும் வாங்கி மாட்டிவிட்டால் இன்னும் நல்லது.

வீட்டில் பிரிண்டர் அவ்வளவு அவசியமா என்று கேட்கலாம். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் சில ரூபாய்க்கு முடிகிற வேலைதான். ஆனால் அங்கே நாம் எதை அனுப்புகிறோம்? ஆதார், பான், வாடகை ஒப்பந்தம், மருத்துவ அறிக்கை. கடையின் வாட்ஸ்அப்பிலும் டெஸ்க்டாப்பிலும் அவை எத்தனை நாள் கிடக்கின்றன என்று யார் பார்த்தது? 2022 மே மாதம் 27ஆம் தேதி ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகமே, ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், பொதுக் கணினிகளில் இறக்காதீர்கள் என்று எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது என்று இரண்டே நாளில் அந்த அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. அறிக்கை போனாலும் அதிலிருந்த கவலை எனக்குப் போகவில்லை. வீட்டுக் காகிதம் வீட்டிலேயே அச்சாவதை நான் ஆடம்பரமாக நினைக்கவில்லை.

மூடிய கதவுகளுக்குக் காரணம் உண்டு

அடுக்ககத்தின் பத்துப் பேரிடம் கேட்டால் எட்டுப் பேர், “முன்னாடி எல்லாம் தானா வேலை செஞ்சுதே” என்பார்கள். உண்மைதான். 2009இல் வந்த விண்டோஸ் 7இல் ‘ஹோம்குரூப்’ இருந்தது. ஒரே கடவுச்சொல், வீட்டுக் கணினிகள் அத்தனையும் ஒன்றாகிவிடும். 2018 வசந்தத்தில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே இன்னொரு பழைய வசதி போயிருந்தது. அதுதான் பெரிய கதை.

கணினிகள் கோப்பையும் பிரிண்டரையும் பகிரப் பேசும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது. மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்தது. அதன் முதல் பதிப்பு, வீட்டில் எல்லாரும் நல்லவர்கள் என்று நம்பிய காலத்துக் குழந்தை. அதிலிருந்த ஓர் ஓட்டையை அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ கண்டறிந்து கருவியாக்கி வைத்திருந்தது. அந்தக் கருவி 2017 ஏப்ரலில் கசிந்தது. மே 12ஆம் தேதி ‘வான்னாக்ரை’ அதே ஓட்டை வழியாகக் கணினிக்குக் கணினி தாவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் நின்றன. நம் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் ரெனால்ட் நிசான் கார் ஆலையில் உற்பத்தி பாதிக்கப்பட்டது. ஆந்திரக் காவல் துறையின் கணினிகளும் சிக்கின. இத்தனைக்கும் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து பழைய எஸ்எம்பி முதல் பதிப்பு இயல்பாக இருப்பதில்லை. ‘நெட்வொர்க்’ என்ற பகுதியைத் திறந்தால் பக்கத்துக் கணினிகளின் பெயர் தானாக வரிசைகட்டி நிற்குமே, அந்தப் பழைய வழியும் அதனோடு போனது. பெயர் தெரியாததால் கணினி இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பின்சாய்வுக் கோடு இரண்டு போட்டு எண்ணை நேராகத் தட்டிப் பாருங்கள்: \\192.168.1.20 என்கிற மாதிரி. பெரும்பாலும் திறந்துவிடும். பெயர்ப் பலகை விழுந்திருக்கிறது, வீடு அங்கேயே இருக்கிறது.

பிறகு 2021. ‘பிரிண்ட் நைட்மேர்’ என்று பெயர் வைத்தார்கள். விண்டோஸின் அச்சு சேவையில் இருந்த ஓட்டை வழியாக ஒருவர் கணினியையே கைப்பற்ற முடியும் என்று ஜூன் இறுதியில் தெரியவந்தது. அடுத்தடுத்து அச்சு தொடர்பான பூட்டுகள் இறுகின. செப்டம்பர் அப்டேட்டுக்குப் பின், ஒரு கணினியில் யுஎஸ்பி வயரில் செருகி மற்றவர்களுக்குப் பகிர்ந்த பிரிண்டர்கள் உலகம் முழுக்க ‘11பி’ என முடியும் பிழை எண்ணோடு நின்றன. 2024 இறுதியில் வந்த விண்டோஸ் 11 பதிப்போ, ப்ரோ வகைக் கணினிகள் கடவுச்சொல் இல்லாத விருந்தாளிப் பகிர்வுக்குள் நுழைவதையே இயல்பில் நிறுத்திவிட்டது. ரூட்டரின் பின்னால் ஹார்டு டிஸ்கைச் செருகிக் கடவுச்சொல் இல்லாமல் படம் பார்த்தவர்கள் திகைத்துப்போனது அதனால்தான்.

இணையத்தில் கிடைக்கும் வைத்தியம் என்ன? ஃபயர்வாலை அணை. பழைய எஸ்எம்பியை மறுபடி ஏற்று. ரெஜிஸ்ட்ரியில் இந்த எண்ணைப் பூஜ்யமாக்கு. அப்டேட்டை நீக்கு. பிரிண்ட் வந்துவிடும், வராமல் என்ன? எல்லாக் கதவையும் பெயர்த்து எறிந்தால் எந்த அறைக்கும் போகலாம்தான். அந்த ஞாயிறு இரவு நான் அணைத்த ஃபயர்வால் திங்கள் மாலை வரை அணைந்தே கிடந்தது. அதை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது. பழுதுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளைகள் விளையாட்டையும் எதையெதையோ இறக்கும் வீட்டில், ஒரு கணினிக்கு வந்த நோய் மற்றவற்றுக்குத் தாவாமல் காப்பது அந்தச் சுவர்தான்.

ஆகவே என் கருத்தை நேராகச் சொல்கிறேன்: பிரிண்டரில் வைஃபை இருந்தால் அதைக் கணினி வழியாகப் பகிரவே வேண்டாம். நேராக ரூட்டரோடு இணையுங்கள். நடுவில் ஒரு கணினி விழித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை, அப்டேட் வந்து கழுத்தை நெரிக்கும் பயமும் இல்லை. ஃபோனிலிருந்தும் அச்சிடலாம்.

யாரென்று கேட்கிறதா?

உள்ளறை ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக்கியதும் பிரிண்டர் வந்துவிட்டது. ஆனால் உள்ளறை டெஸ்க்டாப்பில் நாங்கள் பகிர்ந்து வைத்திருந்த குடும்பப் படங்களின் ஃபோல்டர் மறைந்துபோனது. பெரியவரை மறுபடி பிடித்தேன். இந்த முறை வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார். மகள் காபி கொண்டுவந்து, “தாத்தா, இப்ப எங்க டோன் கட்டாகுது?” என்று கேட்டாள்.

“கதவைத் தட்டும்போது உள்ளே இருந்து ‘யாரு’ன்னு கேக்குதா, இல்ல சத்தமே இல்லையாம்மா?”

இதைவிடத் தெளிவாக எந்தத் தொழில்நுட்பக் கையேடும் சொல்லி நான் படித்ததில்லை. சத்தமே இல்லை என்றால் பாதையில் பழுது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது என்றாலோ, ‘அனுமதி இல்லை’ என்கிறது என்றாலோ, பாதை முழுசாக நன்றாக இருக்கிறது. தாழ்ப்பாளைத்தான் பார்க்க வேண்டும்.

எங்களுக்குச் சத்தமே இல்லை. காரணம் இது: எண் கொடுக்கும் பெட்டி மாறியதும் டெஸ்க்டாப்பின் விண்டோஸ் இதை ஒரு புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டது. புது இடம் என்றால் ரயில்வே ஸ்டேஷன் வைஃபை மாதிரிதான் அது நடந்துகொள்ளும். ‘பப்ளிக்’ என்று குறித்துக்கொண்டு, வருகிற அழைப்பை எல்லாம் மறுத்துவிடும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் அதை ‘ப்ரைவேட்’ ஆக்கினோம். அவ்வளவுதான். ஃபயர்வால் தன் வேலையைச் செய்துகொண்டே, வீட்டுக்காரருக்கு மட்டும் கதவைத் திறந்தது.

இப்போது ‘யாரு’ என்று கேட்டது. மகள் நான்கு இலக்கப் பின் எண்ணைத் தட்டினாள். மறுத்தது. எத்தனையோ வீடுகளில் நடப்பது இது. பின் எண் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும். நெட்வொர்க் வழியாக வருபவர் கணக்கின் முழுக் கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டும். பலருக்கு அது நினைவிலேயே இருக்காது. பகிர்வுக்கென்றே டெஸ்க்டாப்பில் தனியாக ஒரு சாதாரணக் கணக்கைத் தொடங்கி, படங்களின் ஃபோல்டரைப் பார்க்க மட்டும் அதற்கு அனுமதி கொடுத்தோம். அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது: ‘ஷேரிங்’ பக்கத்தில் ஒன்று, ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் ஒன்று. இரண்டில் எது குறுகலோ அதுதான் செல்லும். ஒன்றில் எல்லாம் கொடுத்துவிட்டு மற்றதை மறந்தால் ‘அனுமதி இல்லை’ என்றே வந்துகொண்டிருக்கும்.

வைட்ஃபீல்டுக்கே உரிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே பாதி வீடுகளில் மேசைமேல் இருப்பது அலுவலக லேப்டாப். அதில் விபிஎன் ஓடத் தொடங்கியதும் பல நிறுவனங்களின் ஏற்பாட்டில் எல்லாப் போக்குவரத்தும் அலுவலகத்துக்கே திரும்பிவிடும். இரண்டடி தள்ளி இருக்கும் பிரிண்டர் அதற்கு அந்நியம். அது பழுதில்லை, கட்டளை. அதைச் சுற்றி வளைத்துத் தாண்ட முயல வேண்டாம், அலுவலகக் கோப்பைச் சொந்த மெயிலுக்கு அனுப்பி அச்சிடவும் வேண்டாம். வேலையே போகக்கூடிய விஷயம். நிறுவனத்தின் ஐடி பிரிவிடம் கேளுங்கள். வீட்டுப் பிரிண்டரை அனுமதிக்கும் நிறுவனங்களும் உண்டு.

பிரிண்டருக்காகப் பிறந்தது

பெரியவர் கிளம்பும்போது, “இந்தப் பொட்டிக்காக இவ்வளவு வயரா?” என்றார். அவரிடம் ஒரு கதை சொன்னேன். 1973இல் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் கேரி ஸ்டார்க்வெதரின் லேசர் பிரிண்டர் இருந்தது; நொடிக்கு ஒரு பக்கம் அச்சிடக்கூடியது. அறைக்கு ஒன்றாகக் கணினிகள் வரவிருந்தன. அத்தனை கணினியும் அந்த ஒரு பிரிண்டரை எட்ட வேகமான வழி வேண்டும். பாப் மெட்காஃப் அதற்கான திட்டத்தை மே 22ஆம் தேதி எழுதினார். அதுதான் ஈதர்நெட். எங்கள் சுவர்க் குழாய்க்குள் ஓடும் கேபிளும் அதன் வம்சம்தான். சில ஆண்டுகள் கழித்து எம்ஐடியில் இன்னொரு ஜெராக்ஸ் பிரிண்டர். தாள் சிக்கினால் எல்லாருக்கும் சொல்லும்படி மென்பொருளைத் திருத்த நினைத்த ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு அதன் மூல நிரல் தரப்படவில்லை. அந்த ஆற்றாமையும் சேர்ந்துதான் 1983இல் கட்டற்ற மென்பொருள் இயக்கமாக எழுந்தது.

கேட்டுவிட்டு அவர் பிரிண்டரை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். “டிபி பெட்டிக்கு உள்ளே நம்பர் எழுதி வச்சிருவோம் தம்பி. அடுத்து வர்றவன் தேடக் கூடாது இல்ல?” என்று சொல்லி, மகளிடம் ஒரு சீட்டும் மார்க்கரும் கேட்டார்.

பிரிண்டர் மூடியின் உள்பக்கம் அந்தச் சீட்டு ஒட்டியிருக்கிறது. சாய்ந்த, அழுத்தமான எழுத்து. மேலே 192.168.1.50. அதற்குக் கீழே: ‘வாசல் பெட்டி. எண் மாறாது.’